குதிரைக்குத் துணைக்கு இரண்டு ஆடு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தது. மகளின் வகுப்பில் வளர்க்கும் கினிப் பன்றி, பெயர்தான் பன்றி, ஆள் பெரிய எலி அளவு. விடுமுறை விட்டால் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இந்தத் தடவை எங்கள் தலையில் விழுந்தது. பெயர் பேர்சி. கூடு, தண்ணீர்ப் போத்தல், என்ன கொடுக்கலாம் என்ன கொடுக்கக் கூடாது என்று ஆசிரியை எழுதிய இரண்டு பக்கக் கடிதம், ஒரு பை நிறையக் காய்ந்த புல் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரிச் சாமான்களோடு வந்து இறங்கியது. வந்ததிலிருந்து ஒரு மூலையில் குந்திக்கொண்டு ஒன்றையும் தொடவில்லை. "அம்மா, அது சாப்பிடுதே இல்லை" என்று மகள் கண்ணைக் கசக்கினாள். சரி, புல்லில்தான் பிழையோ என்று பையைப் பிரித்து மூக்கை வைத்தேன். வைத்த மூக்கை எடுக்க முடியவில்லை. புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கும் என்னை மகள் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். போடட்டும்.

அந்த மணத்தோடு நான் மூன்று வருடம் வேலைக்குப் போயிருக்கிறேன். லண்டனுக்கு வந்த புதிதில், கிழக்கே பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடா அண்ணையின் பலசரக்குக் கடையில் காசு வாங்கும் டில்லில் நின்றேன். விடியக் காலை குதிரை லாயம், ஒன்பது மணிக்குக் கடை. உடுப்பை மாற்றினாலும் தலைமயிரில் புல் மணம் ஒட்டிக்கொண்டு வரும். "பிள்ளை, கருவாட்டுப் பெட்டி ஏதும் நனைஞ்சு போச்சோ?" என்று மூக்கைச் சுளித்துக் கேட்ட ஒரு அம்மாவுக்கு "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். குதிரை என்று சொன்னால் விளக்கம் நீளும். உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே, நீட்டியே சொல்கிறேன்.

டெனிஸ் எங்கள் கடைக்குக் கரட் வாங்க வருவாள். நாற்பது தாண்டிய வெள்ளைக்காரி, பஸ் சாரதி. விற்க முடியாமல் வாடிப்போன கரட்டைச் சாக்கோடு கேட்பாள். இவ்வளவு கரட்டையும் இவள் என்ன செய்கிறாள் என்று நடா அண்ணை கனநாள் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வலது மணிக்கட்டில் கட்டோடு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆற்றோரம், மின்சாரக் கோபுரங்களுக்குக் கீழே, லொறிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் அவள் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் குதிரை வைத்திருந்தாள். கை முறிந்தவள் சாணம் அள்ளுவது எப்படி? "ரெண்டு கிழமைக்குக் காலமையில மட்டும் வந்து உதவி செய்வியா?" என்று என்னைக் கேட்டாள். டெனிஸ் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம்தான். ஆனால் பாருங்கள், என் ஞாபகத்தில் அவள் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள். திருத்தப் போனால் ஆளே மாறிவிடுகிறாள். ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் ஓம் என்றதற்குக் காரணம் வீரம் அல்ல. என் கணவர் நோர்வேயில் பத்து வருடம் தச்சுவேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். வேலைத்தலம் ஒவ்வொரு மாதமும் லண்டனின் ஒவ்வொரு மூலையில் இருக்கும், ஐந்தரைக்கே போய்விடுவார். கடை திறக்கும்வரை நான் எங்கள் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைவிடக் குதிரையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே குதிரை ஊர்க் கோயில் வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறிவரும் மரக்குதிரை. அதன் முன்னங்கால் இரண்டும் எப்போதும் ஆகாயத்தில் நிற்கும். ஆகவே முதல் நாள் லாயத்தின் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இது எப்போது காலைத் தூக்கப் போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். அது தூக்கவில்லை. என் அனோரக் குளிர்கோட்டின் பொக்கற்றுக்குள் மூக்கை விட்டு, நான் பத்து மணிக்குத் தின்ன வைத்திருந்த பணிஸை எடுத்துத் தின்றது.

பெயர் பிஸ்கட். பெண் குதிரை, ஆனால் ஓட்டப்பந்தயக் குதிரை இல்லை. குட்டையும் தடிப்புமான உடம்பு, தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட்டின் நிறம், முழங்காலுக்குக் கீழே பாவாடை கட்டியதுபோல நீள மயிர். அந்தப் பாவாடையில் சேறு பிடித்தால் கழுவி உலர்த்த அரை மணி நேரம் வேண்டும். காலையில் போனதும் முதலில் தண்ணீர். குளிர் நாளில் வாளியில் உறைந்திருப்பதைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். பிறகு நனைந்த வைக்கோலை வாரி, சாணத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டி, புது வைக்கோல் விரித்து, புல் வைத்து, கடைசியில் குளம்புக்கு வர வேண்டும். குளம்புக்குள் அடைந்திருக்கும் கல்லையும் மண்ணையும் ஒரு கொக்கியால் கிண்டி எடுப்பது அன்றாட வேலை. காலைத் தூக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டால் காது கேளாதவள் மாதிரி நிற்பாள். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, "தூக்கனடி, எனக்குக் கடைக்கு நேரம் போகுது" என்றேன். உடனே தூக்கினாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் தமிழ்தான். இரண்டு கிழமை என்று போனவள், டெனிஸின் கட்டு அவிழ்த்த பிறகும் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், லண்டனில் நான் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்ற முதல் உயிர் அவள்தான்.

அவளுக்குத் துணையாக ஜோர்ஜ் என்று ஒரு கிழட்டுக் கழுதை இருந்தது. இரண்டும் ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு மணிக்கணக்காக நிற்கும். ஒரு ஒக்டோபர் மாதம் ஜோர்ஜ் வயது போய்ச் செத்துப்போனது. அடுத்த நாளே பிஸ்கட் வேலி ஓரமாக நடக்கத் தொடங்கினாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. நடந்த இடத்தில் புல் செத்து ஒற்றையடிப் பாதை விழுந்தது. வைத்த புல் வைத்தபடி கிடக்கும். கரட்டை வாயில் வாங்கிக்கொண்டு, மென்று, பாதியிலே கீழே விட்டுவிடுவாள். மிருக வைத்தியர் வந்து நோய் ஒன்றும் இல்லை என்றார். நோய் இல்லாமலே விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"குதிரையால தனிய இருக்க ஏலாது" என்றாள் டெனிஸ். "இன்னொரு குதிரைக்கு இந்த நிலம் காணாது. கென்ட் பக்கம் ஒரு பண்ணையில இடம் இருக்காம். டிசம்பர் ரெண்டாம் சனிக்கிழமை லொறி வந்து ஏத்தும்." சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினாள். பதினாறு வருடம் வளர்த்தவள்.

"வேற ஒண்டும் செய்யேலாதோ?" என்று கேட்டேன்.

"ஆடு எண்டாச் சரிவரும். கனபேர் குதிரைக்குத் துணைக்கு ஆடு விடுறவை. ஆனா கொட்டில் வேணும், வேலி வேணும், பேப்பர் வேலை வேற கிடக்கு. அந்தச் சனிக்கு முந்தி ஆர் செய்யிறது?"

"நாங்கள் செய்யிறம்" என்றேன். நாங்கள் என்று யாரை நினைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆட்டுக்கு எத்தினை அடி உயரத்தில வேலி?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதரை நான் ஏன் கட்டினேன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆடு என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊரில் வேலியில் குழை ஒடித்துப் போட்டால் ஆடு தின்னும், கதை முடிந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. நாலு அடிக்குக் குறைந்த வேலியை ஆடு வேலியாகவே கணக்கில் எடுக்காது. ஈரத்தில் படுக்காது, பலகைத் தட்டு வேண்டும். மழைத்துளி பட்டால் உலகம் முடிந்தது மாதிரிக் கத்தும். லண்டன் வேலிகளில் நிற்கிற பச்சைகளில் பாதி நஞ்சு. எந்த இலை ஆகாது என்று டெனிஸ் படத்தோடு ஒரு தாள் தயாரித்துச் சுவரில் ஒட்டினாள். இவ்வளவும் போதாதென்று, இந்த நாட்டில் ஒரே ஒரு ஆடு வைத்திருக்கவும் நிலத்துக்கு ஒரு இலக்கம் எடுக்க வேண்டும், ஆட்டின் காதில் இலக்கத் தோடு குத்தியிருக்க வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் கடையில் வைத்து நிரப்பினேன். எதற்காக ஆடு என்ற கேள்விக்கு, குதிரைக்குத் துணையாக என்று எழுதினேன். நடா அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"குதிரைக்குத் துணையோ? நல்லாத்தான் எழுதியிருக்கிறாய் பிள்ளை" என்று கண்ணடித்தார்.

அந்தக் கண்ணடிப்பை நான் அங்கேயே பிடித்து விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. எனக்கு அன்று டில்லில் நீண்ட வரிசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் மரப்பலகைகளோடு போய் இறங்கினால், வேலிப் படலைக்கு முன்னால் மூன்று வான் வண்டிகள் நிற்கின்றன. நடா அண்ணை ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். பிளம்பர் ஒருவர், சுவருக்கு மண் பூசுகிறவர் ஒருவர், டாக்ஸி ஓடுகிறவர்கள் இரண்டு பேர், வெம்பிளியிலிருந்து ஒரு வங்கிக்காரர் என்று நடா அண்ணையோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் தலைவர் மாதிரி பிரான்ஸ் மணி அண்ணை. பாரிஸில் பதினெட்டு வருடம் கூரை போட்டவர், ஆள் வாசலை அடைக்கிற பருமன், சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காமல் ஐந்து நிமிடம் இருக்க மாட்டார். ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. சுத்தியலும் வாளுமாக வந்து நிலத்தைக் கிண்டினார்கள், கம்பம் நட்டார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, எங்கள் சனத்துக்குத்தான் வாயில்லாத சீவன் மேல் எவ்வளவு இரக்கம் என்று கண்கலங்கினேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மூன்று ஞாயிறு வந்தார்கள். என் கணவர் இரண்டு தட்டு வைத்து, ஏறிப்போகப் படி வைத்து, ஆட்டுக்குச் சிராய் குத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் அரத்தாள் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கினார். எங்கள் வாடகை அறையைவிட அது நன்றாக இருந்தது. "கதவு பெரிசா வையுங்கோ. ஆடு கொழுத்தாலும் வெளிய எடுக்க ஏலும்" என்று மணி அண்ணை சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நல்ல முன்யோசனை என்று நினைத்தேன்.

லொறி வருவதற்கு எட்டு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை, டெனிஸ் கரட்டுக்கு வந்தாள். டில்லுக்குப் பக்கத்தில் நடா அண்ணை ஒரு தாளை ஒட்டியிருந்தார். நீல மையில், அவருடைய வடிவான கையெழுத்தில் பன்னிரண்டு வரி. "இதென்ன?" என்று டெனிஸ் கேட்டாள். நான் அப்போதுதான் அதை ஒழுங்காக வாசித்தேன்.

தலை – பிரான்ஸ் மணி. ஈரல் – பிளம்பர் ராசன். பின்னங்கால் – வெம்பிளி வங்கி. குடல் – நடா.

எங்களவர் பங்கு இறைச்சி போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கிடாயை எடுத்து, யாருக்கு எது என்று முன்கூட்டியே பேசி வைத்துப் பிரிப்பார்கள். ஆடு வளர்க்கப் போகிறோம் என்று நான் சொன்ன அன்றே நடா அண்ணை இதைத் தொடங்கியிருக்கிறார். குதிரைக்குத் துணை என்பது விண்ணப்பத்துக்காக நான் போட்ட கெட்டிக்காரத்தனம் என்று மனதார நம்பியிருக்கிறார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. டெனிஸ் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள். நடா அண்ணை வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே அவளைப் பார்த்துப் பெருமையோடு சிரிக்கிறார்.

"இது... ஞாயிற்றுக்கிழமை வந்து உதவி செய்யிற ஆக்களின்ர பேர்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாதுதானே. பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

டெனிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதை நான் எடுக்கலாமா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் தாளைப் பக்குவமாகக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

"ஐயோ பிள்ளை, நான் அதைக் கொப்பி எடுத்து வைக்கேல்லை!" என்றார் நடா அண்ணை.

"அண்ணை, அந்த ஆடு வெட்டுறதுக்கில்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"குதிரைக்கு."

"குதிரை இறைச்சி தின்னாதே?"

அவருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. விளங்கியதும் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு மேலேயே இருந்துவிட்டார். "பிள்ளை, நான் பதினொரு பேருக்கு வாக்குக் குடுத்திட்டன். மணி போன கிழமையே மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிட்டான். நான் சொல்ல மாட்டன். ஞாயிறு நீயே சொல்லு." இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொட்டிலுக்கு இன்னும் கூரை போடவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது நானும் என் கணவரும்தான். அவருக்குக் கிழமை நாளில் லீவு இல்லை. கூரை இல்லாத கொட்டிலுக்கு ஆடு தர மாட்டோம் என்று ஆட்டுப் பண்ணைக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆடு வராவிட்டால் சனிக்கிழமை லொறி வரும்.

ஞாயிறு நான் போய்ச் சேர்வதற்குள் டெனிஸ் முந்திவிட்டாள். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டில் கதவுக்கு மேலே திருகாணியால் முடுக்கியிருந்தாள். பதினொரு பேர் கீழே நின்று தங்கள் பெயரையும் தங்கள் துண்டையும் வாசித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் ஒரு தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கைகொடுத்து நன்றி சொல்கிறாள். மணி அண்ணை ஏற்கெனவே கூரைச் சட்டத்தில் ஏறிவிட்டார்.

"உதை ஏன் பிள்ளை இஞ்ச கொழுவியிருக்கு?" என்று மேலேயிருந்து கேட்டார்.

இனி ஒளிக்க இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு வெட்டுவதற்கு இல்லை, பிஸ்கட்டுக்குத் துணைக்கு, இல்லாவிட்டால் வாற சனி அவளை ஏற்றிவிடுவார்கள், பட்டியல் என்னவென்று டெனிஸுக்குத் தெரியாது, பிழை என்னுடையது, நான் முதலிலேயே எல்லாருக்கும் விளக்கியிருக்க வேண்டும். சொல்லச் சொல்லக் குரல் உடைந்து அழுதுவிட்டேன். வெம்பிளி வங்கிக்காரர் தன் புதுச் சப்பாத்தின் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெனிஸ் ஒன்றும் விளங்காமல் கேக் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

மணி அண்ணை வேலிப் பக்கம் பார்த்தார். பிஸ்கட் தன் ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். வைத்த புல் வைத்தபடி கிடந்தது.

"உது கடைசியா எப்ப ஒழுங்காச் சாப்பிட்டது?"

"ஒரு மாசத்துக்கு மேல அண்ணை."

மணி அண்ணை சுத்தியலைச் சட்டத்தின் மேல் வைத்தார். "பாரிசுக்கு வந்த புதிசில எனக்கும் ரெண்டு மாசம் சாப்பாடு இறங்கேல்லை. சமைச்சு வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பன். தனிய இருந்து தின்னுறது லேசில்லை" என்றார். அவருடைய உடம்பைப் பார்த்தபடி அதை நம்புவது எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. "நடா, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்த ஆணிப் பெட்டியை எடுத்துத் தா."

நடா அண்ணை ஆணிப் பெட்டியைக் கொடுத்தார். பிளம்பர் தகரத்தை எடுத்து நீட்டினார். மழை தூறத் தொடங்கியது, கேக் நனைந்தது, மூன்று மணிக்குக் கூரை முடிந்தது.

வியாழக்கிழமை ஆடுகள் வந்தன. காயடித்த இரண்டு வெள்ளைக் கிடாய்கள், காதில் மஞ்சள் தோடு. டெனிஸ் பெயரும் வைத்துவிட்டாள், உப்பு, வினாகிரி. இங்கே சிப்ஸுக்கு மேலே தெளிக்கிற உப்பும் புளிக்காடியும்தானே அவை. பெயர் வைக்கும்போதே பாதிக் கறியை ஊறவைத்துவிட்டாள் என்று நடா அண்ணை பெருமூச்சு விட்டார். நான் அன்று கடைக்கு அரை நாள் லீவு. முதலாளியும் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் நிற்கிறார் என்றால் கடையை யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆடுகளைக் கண்டதும் பிஸ்கட் நிலத்தின் மறுகோடிக்கு ஓடிப்போய் நின்று சீறினாள். உப்பு அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் அவளுடைய புல் தொட்டிக்குள் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று தின்னத் தொடங்கியது. வினாகிரியும் போய்ச் சேர்ந்தது. பிஸ்கட் காதை முன்னுக்கு விட்டுப் பார்த்தாள். பிறகு பின்னுக்கு மடக்கினாள். அடி எடுத்து வைத்து, நின்று, அடி எடுத்து வைத்து, கிட்ட வந்தாள். உப்பைத் தலையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, தொட்டிக்குள் முகத்தை விட்டு ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கீழே விடவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். எரிச்சலில்தான் சாப்பிட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்கு வடை விழுந்ததைக் கண்ட ஆளின் முகம். டெனிஸ் என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் நடா அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். டெனிஸ் அங்கே நின்றபடியே போனை எடுத்து லொறி வேண்டாம் என்றாள்.

பேர்சிக்கும் நேற்று அதே வைத்தியம்தான் பார்த்தேன். அதன் கூட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, மொறுமொறு என்று சத்தம் கேட்கக் கரட்டைக் கடித்தேன். மூன்றாவது கடியில் பேர்சி மூலையை விட்டு வந்தது. மகள் அதையும் படம் எடுத்துவிட்டாள்.

ஆடுகள் வந்த அடுத்த மாதமே, தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல் வந்தது. மாட்டுக்குப் பொங்குகிற நாளில் குதிரைக்கும் ஆட்டுக்கும் பொங்கலாமா என்று ஒரு வாக்குவாதம். "பட்டியில நிண்டாப் பட்டிதான்" என்று நடா அண்ணை தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். மின்சாரக் கோபுரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்துப் பொங்கினோம். பிஸ்கட்டின் நெற்றியில் சந்தனம் வைத்தேன், அசையாமல் நின்றாள். ஆடுகளுக்குப் போட்ட மாலையை ஆடுகளே ஒன்றின் கழுத்திலிருந்து மற்றது தின்று முடித்தன. மணி அண்ணை மரக்கறிச் சாப்பாட்டை மூன்று தட்டுச் சாப்பிட்டுவிட்டு, உப்பின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "என்ர தலை சுகமோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதையேதான் கேட்டார். அவருடைய வான் சத்தம் கேட்டால் உப்பு படலைக்கு ஓடும்.

நான் அந்தக் கடையை விட்டு வேறு வேலைக்குப் போன பிறகும் ஞாயிறு தவறவில்லை. பிஸ்கட் இன்னும் ஆறு வருடம் இருந்தாள். ஒரு கோடை மத்தியானம் நன்றாகத் தின்றுவிட்டுப் படுத்தவள் எழும்பவில்லை. ஆடுகள் இரண்டும் அவளுடைய முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தன. அடுத்த வருடமே நிலத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கடிதம் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்று நான் கைக்குழந்தையோடு போனேன். டெனிஸ் ஏணியில் ஏறிக் கதவுக்கு மேலிருந்த சட்டத்தைத் தானே கழற்றினாள்.

"டெனிஸ், அதில என்ன எழுதியிருக்கு எண்டு நான் உனக்கு ஒழுங்காச் சொல்லேல்லை" என்றேன். ஏழு வருடம் தொண்டையில் நின்ற முள்.

"தெரியும்" என்றாள். "முதல் வருஷமே என்ர பஸ்ஸில வாற தமிழ் நேர்ஸ் ஒராளிட்டப் படத்தைக் காட்டி வாசிப்பிச்சனான். அவ சிரிச்ச சிரிப்பில இறங்க மறந்து ரெண்டு ஸ்டொப் தாண்டிப் போட்டா."

"பிறகு ஏன் கழட்டேல்லை?"

"ஏன் கழட்டோணும்? இறைச்சி இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் நிண்டு கூரை போட்ட ஆக்களெல்லோ."

அந்த இடத்தில் இப்போது ஒன்பது மாடி. கொட்டில் நின்ற மூலையில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு நாள் வேண்டுமென்றே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன், புல் மணம் இல்லை. நடா அண்ணையின் கடையில் இப்போது கைபேசி விற்கிறார்கள். டெனிஸ் கடலோர ஊரொன்றுக்கு ஆடுகளையும் கொண்டு போனாள். அங்கே வினாகிரி முதலில் செத்தது, உப்பு இரண்டு வருடம் கழித்து. போன வருடம் மணி அண்ணையும் போய்விட்டார். செத்தவீட்டிலிருந்து வந்து டெனிஸுக்குப் போன் எடுத்தேன். போனை வைத்ததும் அவள் தன் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் சட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். நீல மை வெளிறி, பல பெயர்கள் அழிந்துவிட்டன. முதல் வரி மட்டும் வாசிக்கத் தெரிகிறது. தலை – பிரான்ஸ் மணி. அவர் அதைக் கடைசிவரை வாங்கவே இல்லை.